கரடி பார்க்கும் பருவம்

இந்த ஊரில் குப்பை போடுவதற்கு ஒரு வித்தை கற்றுக்கொள்ள வேண்டும். தெருமுனையில் இடுப்பளவு உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். வெளியே கைப்பிடி தெரியாது. மூடிக்கு அடியில் ஒரு சின்னக் கூடு இருக்கும். அதற்குள் கையை விட்டு, விரலால் தடவி, உள்ளே இருக்கும் நாக்கை அழுத்திக்கொண்டே இழுத்தால்தான் திறக்கும். வந்த புதிதில் வெங்காயத் தோலும் முட்டை ஓடும் நிறைந்த பையைப் பிடித்துக்கொண்டு, பனி காலைக் கடிக்க, அந்தப் பெட்டியோடு கால் மணி நேரம் போராடியிருக்கிறேன். முடியாமல் பையோடு திரும்பி வந்து, "குப்பையக் கூடவா திருடுவாங்க, அதுக்கும் பூட்டா?" என்று என் கணவர் சரவணனிடம் கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு நான் யாருடைய மகள் என்பது ஞாபகம் வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "திருடனுக்கு இல்ல செல்வி. கரடிக்கு. மனுஷன் கை உள்ள போவும், கரடி கை போவாது" என்றார். அடுத்த ஒரு வாரம் எங்கள் வீட்டுக் குப்பை வீட்டுக்குள்ளேயே சேர்ந்தது. நாற்றம் தாங்காமல் அவரே கொண்டுபோய்ப் போட்டார்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் ராக்கி மலைகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் இது. பனிச்சறுக்கு விளையாட்டை நம்பியே பிழைக்கும் ஊர். சரவணன் சிங்கப்பூரில் சமையல் வேலையில் இருந்தவர். இங்கே ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்து முதலில் அவர் வந்தார். பிறகு நான் வந்தேன். அதே ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்வது, படுக்கை விரிப்பு மாற்றுவது என் வேலை. எனக்குச் சொந்த ஊர் கச்சிராயபாளையம். நான் கிளம்பும்போது கள்ளக்குறிச்சி எங்களுக்குத் தாலுகா ஆபீஸ் இருக்கும் ஊர். இப்போது அதுவே மாவட்டமாகிவிட்டதால் படிவங்களில் என் பிறந்த மாவட்டத்தை எப்படி எழுதுவது என்ற குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கல்வராயன் மலை தெரியும். கோமுகி அணையைத் தாண்டி மேலே பஸ் போகிறது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் ஆடியில் அருவி பார்க்கப் போவார்கள். நான் இருபத்தாறு வயதுவரை அந்த மலையில் ஒரு முறைகூட ஏறியதில்லை. அப்பாவைத் தவிர எங்கள் வீட்டில் யாரும் ஏறியதில்லை. அப்பாவுக்கு நடந்ததற்குப் பிறகு மலைப் பக்கம் இருந்த சன்னலைக்கூட அம்மா திறக்க மாட்டாள்.

பனி உருகினால் ஊர் காலியாகிவிடும், நாமும் மூச்சு விடலாம் என்று முதல் வருடம் நினைத்தேன். சித்திரை பாதியில் சறுக்குமலையின் கம்பிவட நாற்காலிகள் ஓடுவதை நிறுத்தின. அதோடு ஹோட்டல் முன்கூடத்தில் பெரிய பலகை ஒன்று வைத்தார்கள். பனிச்சறுக்கு முடிந்தாலும் இங்கே செய்ய எவ்வளவோ இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. பாதி உறைந்து பாதி விழும் அருவியைப் பார்க்க நடந்து போகலாம். கார்கள் விடாத மலைச் சாலையில் சைக்கிள் ஓட்டலாம். உருகின தண்ணீர் நுரைத்து ஓடும் ஆற்றில் ரப்பர் படகில் போகலாம். வெந்நீர் ஊற்றில் கழுத்துவரை உட்கார்ந்து எதிரே பனி மலையைப் பார்க்கலாம். கடைசி வரியில் ஒரு படமும் இருந்தது. சிறு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்க் கரடி காட்டுவார்கள். குளிர்காலம் முழுதும் தூங்கிய கரடிகள் பசியோடு எழுந்து, முதலில் பச்சை முளைக்கும் இடத்துக்கு இறங்கி வரும். முதலில் பச்சை முளைப்பது ஊர் ஓரத்திலும் சாலை ஓரத்திலும் சறுக்குமலைச் சரிவிலும்தான். அதாவது நாங்கள் இருக்கும் இடத்தில்.

ஜனங்கள் காசு கொடுத்து, வரிசையில் நின்று, கரடியைப் பார்க்கப் போனார்கள். பார்க்க முடியாமல் திரும்பியவர்கள் வாடிய முகத்தோடு அறைக்கு வந்தார்கள். நான் துடைப்பத்தோடு ஒதுங்கி நின்று அவர்களைப் பார்த்தேன். வேலைக்குப் போகும்போது ஆற்றோரப் பாதையை விட்டுவிட்டுச் சுற்றுவழியாகப் போனேன். இடுப்பில் ஒரு புட்டியைக் கட்டிவிட்டார் சரவணன். கரடி வந்தால் அதன் முகத்தில் பீய்ச்ச வேண்டும். உள்ளே இருப்பது மிளகாய்க் காரம் என்று தெரிந்தபோது சிரிக்கத்தான் தோன்றியது. ஆனாலும் புதரில் ஒரு காகம் அசைந்தால்கூட என் முதுகு வியர்த்துவிடும்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் கோவிந்தன். நிலம் கிடையாது. கரும்பு வெட்டப் போவார். கடுக்காய்க் காலத்தில் ஒரு கண்டிராக்டரின் ஆளாக மலைக்குப் போய்க் கடுக்காய் பொறுக்கி மூட்டை கட்டுவார். எனக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரு நாள் போனவர் இரண்டு மாதம் திரும்பி வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார்கள். வந்து இறங்கியபோது முகத்தில் பாதி இல்லை. இடது கண் மூடித் தைக்கப்பட்டிருந்தது. கன்னம் குழிந்து, மேல் உதடு ஒரு பக்கமாக இழுத்து, பல் எப்போதும் வெளியே தெரிந்தது. நான் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டேன். "இது எங்கப்பா இல்ல, அது கரடி, அப்பா வேட்டிய கட்டிக்கினு வந்திருக்கு" என்று கத்தினேனாம். கத்தியது எனக்கே நினைவிருக்கிறது. அவர் வாசற்படியிலேயே நின்றதும் நினைவிருக்கிறது.

அந்தப் பயம் எனக்கு எளிதில் போகவில்லை. பத்து வயதிலும் அவருக்குச் சோறு வைக்கும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே வைப்பேன். அதைச் சரிக்கட்டிக்கொள்ள எனக்கு ஒரு கதை இருந்தது. ஊர் முழுக்கச் சொன்ன கதை. கோவிந்தன் ஒண்டியாகக் கொடுவாளோடு கரடியை எதிர்த்து நின்றான், அது முகத்தைக் கிழித்தபோதும் விடாமல் வெட்டி விரட்டினான் என்பது. டீக்கடையில் அவருக்கு 'கரடிக்காரர்' என்று பெயர். அம்மா தண்ணீர்க் குழாயடியில் அந்தக் கதையைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். பள்ளியில் யாராவது என் அப்பாவின் முகத்தைப் பழித்தால் நானும் அதைச் சொல்வேன். நம்பாதவர்களோடு சண்டை போடுவேன். அப்பா மட்டும் சொன்னதில்லை. பேச்சு எடுத்தால் துண்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போவார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அம்மா இறந்துவிட்டாள். தம்பி குமாரின் வீட்டில் அப்பா யாரோடும் பேசாமல் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வசந்தத்தில் இரண்டு மாதம் இங்கே வரவழைத்தோம். விமான நிலையத்தில் குரங்குக் குல்லாயும் சரவணனின் பெரிய கோட்டுமாக நின்ற அவரைப் பார்த்து ஒரு குழந்தை அழுதது. அவர் தானாகவே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பழகிய திருப்பம் அது.

அவர் வந்த மூன்றாம் வாரம், என்னோடு ஹோட்டலுக்கு வந்தவர் முன்கூடத்துப் பலகையின் முன்னால் நின்று அந்தக் கரடிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னா பாப்பா?"

சொன்னேன்.

"பாக்கறதுக்கா? பாத்துட்டு?"

"பாத்துட்டு வந்துடுவாங்கப்பா. போட்டோ எடுத்துக்குவாங்க."

படத்தை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு, "என்ன கூட்டிக்கினு போறியா?" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆயிரம் காரணம் இருந்தது. அவருக்குப் பழசு கிளறி ஏதாவது ஆகிவிடும் என்றேன். உண்மையில் போக நான்தான் பயந்தேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஆனால் தினமும் அந்தப் பலகையின் முன்னால் நின்றார். கடைசியில் நானே சரி என்றேன். அந்த பஸ்ஸை ஓட்டுவதும் வழிகாட்டுவதும் ஹெதர் என்ற பெண். முப்பது வயது இருக்கும். ஹோட்டல் ஊழியரின் தகப்பனார் என்று எங்கள் இருவருக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் பத்துப் பேர் இருந்தோம். முன் இருக்கையில் இருந்த வயதான அம்மாள் ஒருத்தி பலமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மன்னிக்க வேண்டும் என்ற பீடிகையோடு, இவர் முகத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். கரடி என்றேன். பஸ் முழுக்கத் திரும்பியது. நான் கதையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கொடுவாள் என்பதற்குக் கையால் வளைத்துக் காட்டி, ஒண்டியாக நின்று விரட்டினார் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. கை தட்டினார்கள். பின்னாலிருந்து ஓர் ஆள் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"இன்னாத்துக்குப் பாப்பா கை தட்டறாங்க?"

"நீங்க கரடிய வெட்டித் தொரத்தினத சொன்னேன்ப்பா."

அவர் கையை மெல்ல உருவிக்கொண்டார். துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். பழைய வலி என்று நினைத்தேன். ஹெதரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக அசைத்தாள்.

ஒரு வளைவு தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். சாலை ஓரத்துச் சரிவில், மஞ்சள் பூக்களுக்கு நடுவே, பழுப்பு நிறத்தில் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. எல்லோரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். நான் முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியேதான் இருக்கிறது, பஸ் கதவு மூடியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கட்டிலுக்கு அடியில் இருந்த அந்த ஐந்து வயதுப் பெண் கத்திக்கொண்டே இருந்தாள்.

"மேயுது" என்றார் அப்பா, மெதுவாக. "மாடாட்டம் மேயுது பாரு. நம்மூர்து கருப்பா இருக்கும். நெஞ்சுல வெள்ள போட்டிருக்கும்." அவர் குரலில் நடுக்கமில்லை. 

அதற்கு நான்கு நாள் கழித்து எனக்கு விடுமுறை. காலை பதினொரு மணி, நல்ல வெயில். அப்பாவோடு கடைக்குப் போய் அவருக்குக் கம்பளிச் சாக்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கால் வலிக்கிறது, குறுக்கு வழியில் போகலாம் என்றார். குறுக்கு வழி என்றால் ஆற்றோரப் பாதை. பகல்தானே, அப்பா கூட இருக்கிறாரே என்று ஒப்புக்கொண்டேன். ஆறு உருகின தண்ணீரில் இரைந்து ஓடியது. அந்த இரைச்சலில் நாங்கள் வருவது அதற்குக் கேட்டிருக்காது. பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில், ஒரு மாட்டுவண்டியை நிறுத்தினால் நிறைந்துபோகும் தூரத்தில், கரடி நின்றது. கருப்பு. அதன் பின்னால் இரண்டு குட்டிகள்.

என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. உடம்பு திரும்பிவிட்டது. ஓட முதல் அடியை வைத்துவிட்டேன். அப்போது என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. எலும்பு நொறுங்குவதுபோல் இருந்தது.

"ஓடாத."

"அப்பா..."

"ஓடாத பாப்பா. நில்லு. மூஞ்சிய காட்டிக்கினு பின்னாடியே வா."

இடுப்பிலிருந்து புட்டியை எடுத்தேன். அதன் மேல் ஒரு பாதுகாப்புக் கொக்கி இருக்கும். அதை இழுத்த பிறகுதான் அழுத்த வேண்டும் என்று நூறு முறை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இழுக்காமல் அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. கரடி மூக்கால் புஸ்ஸென்று ஊதியது. பற்களை அடித்து ஒரு சத்தம் எழுப்பியது. முன்னங்காலைத் தரையில் ஓங்கி வைத்தது. அப்பா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். அவர் துண்டு கீழே விழுந்துவிட்டது. அந்த முகத்தோடு அதைப் பார்த்து, வீட்டில் மாட்டிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"நாங்க போயிடறோம் தாயே. உன் புள்ளைங்க கிட்ட வரல. நீ உம்பாட்டுக்கு இரு. போயிக்கினே இருக்கோம், பாரு."

பேசிக்கொண்டே ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்தார். நானும் வைத்தேன். எத்தனை அடி என்று தெரியாது. குட்டிகள் ஒரு மரத்தில் விறுவிறுவென்று ஏறின. தாய் மரத்தடிக்குப் போய் நின்று எங்களைப் பார்த்தது. பாறை மறைத்தது. அதன் பிறகும் பாலம் வரும்வரை அவர் முதுகைத் திருப்பவில்லை, என் மணிக்கட்டை விடவுமில்லை.

பாலத்தின் மேல் ஏறியதும் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்போ என்று பதறிக் குனிந்தேன். அவர் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. பல் கிட்டியது. பேண்ட்டின் முன்பக்கம் நனைந்திருந்தது. கோட்டை இழுத்து மூடப் பார்த்தார். கை அதற்குக்கூட ஒத்துழைக்கவில்லை.

"பேண்டு நனைஞ்சிடுச்சி பாப்பா."

"பரவால்லப்பா. பரவால்ல. நீங்க இருந்ததால பொழச்சேன்."

"நான் இல்ல. சின்னையன்."

"யாரு?"

"சின்னையன் சொன்னது அது. ஓடாத, நில்லு, மூஞ்சிய காட்டிக்கினு பின்னாடியே வான்னு. அன்னிக்கி அவன் அப்புடித்தான் சொன்னான். நான்தான் கேக்கல. ஓடிட்டேன்."

முப்பத்தைந்து வயதில் அந்தப் பெயரை முதல்முறையாகக் கேட்டேன். கீழே ஆறு ஓடும் சத்தத்தில் அவர் வாயருகே காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. சின்னையன் மலைக்காரர். அப்பாவின் வயதுதான். கடுக்காய் மரம் எங்கெங்கே இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போக அமர்த்தப்பட்டவர். அன்று உண்ணிப் புதருக்குள்ளிருந்து குட்டியோடு கரடி எழுந்தது. அசையாதே என்றார் சின்னையன். அப்பா கையிலிருந்த கொடுவாளைப் போட்டுவிட்டு ஓடினார். ஓடியவரைத்தான் அது துரத்தியது. கீழே தள்ளி முகத்தைப் பற்றியது.

"வெட்டுனது நீங்க இல்லியா?"

"எங்கையில கொடுவா ஏது? நான் போட்டத எடுத்துக்கினு அவன்தான் ஓடியாந்தான். என் மேல கெடந்தத வெட்டனான். அது என்ன வுட்டுட்டு அவன் சோத்துக் கைய புடிச்சிக்கிச்சி. கடிச்சி கிழிச்சிட்டு ஓடிப்போயிடுச்சி. அந்தக் கையோட என்ன ரோடு வரைக்கும் தூக்கியாந்தான் பாப்பா."

"அப்புறம்?"

"கண்டிராக்டர் வண்டில என்ன ஏத்தினாங்க. அவன ஏத்தல. மலைக்காரன், பச்சில வெச்சி கட்டிக்குவான்னாங்க. வண்டி கெளம்பறப்ப ஒத்தக் கண்ணால பாத்தேன். புளியமரத்தடில கைய மடில வெச்சிக்கினு குந்திக்கினு இருந்தான்."

"இத ஏம்ப்பா யாரு கிட்டயும் சொல்லல?"

"ஒரு மாசம் வாயே தொறக்க முடியல. தொறந்தப்ப ஊரே கதைய சொல்லி முடிச்சிடுச்சி. உங்கம்மா அழுதுக்கினே பெருமையா சொல்றா. அந்த மூஞ்சிய வெச்சிக்கினு வூட்டுக்கு வந்தேன். நீ கட்டிலுக்கு அடில போயிட்ட. அந்தக் கதையும் இல்லன்னா எங்கிட்ட இன்னா இருக்குது, சொல்லு."

 அவர் மேல் கோபம் வந்தது என்று சொன்னால் பொய்யில்லை. பள்ளிக்கூடத்தில் நான் சண்டை போட்டதெல்லாம் எதற்காக என்று தோன்றியது. ஆனால் அந்த முகத்தை நான் அன்றுதான், பாலத்தின் மேல், இத்தனை அருகில் பார்த்தேன். தையல் ஓடிய இடமெல்லாம் பார்த்தேன். என்னைப்போலவே பயந்த ஓர் ஆளின் முகம் அது.

"நான் உங்கள பாத்து பயந்தேன்ப்பா. ரொம்ப நாள்."

"தெரியும். சோத்த வெச்சிட்டு பின்னாடியே போவ" என்றார். அதில் குறை சொல்லும் தொனியே இல்லை.

என் கோட்டைக் கழற்றி அவர் இடுப்பில் சுற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மறுநாள் வேலையில் ஹெதரிடம் சொன்னேன், அந்தப் பாதையில் குட்டிகளோடு கரடி இருக்கிறது, யாரையும் விடாதே என்று. அவள் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "குட்டிகளோடா! நீ எவ்வளவு அதிர்ஷ்டசாலி!" என்றாள். நான் அழுதேன். அவள் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்து என்னைக் கட்டிக்கொண்டாள். நல்ல பெண்தான். அன்றே பாதையை மூடி மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் விருந்தினர்கள் முன்னால் அப்பா தன் கதையைச் சொல்ல முடியுமா, நீ மொழிபெயர்ப்பாயா என்றும் கேட்டாள். அப்பாவிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். "அந்தக் கதைய சொல்ல வேண்டியவன் மலை மேல இருக்கான்" என்றார். இருக்கிறாரா என்று நாங்கள் இருவருமே அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

ஊருக்குத் திரும்பிய பத்தாம் நாள், தான் மலைக்குப் போகப் போவதாகப் போனில் சொன்னார். நான் தடுக்கப் பார்த்தேன். எழுபதை நெருங்குகிறவர். மேலே எந்த ஊர் என்றுகூடச் சரியாகத் தெரியாது. அந்த ஆள் செத்துப்போயிருந்தால்? உயிரோடு இருந்து, இத்தனை வருடம் கழித்து எந்த மூஞ்சியோடு வந்தாய் என்று கேட்டால்? குமாரை உடன் போகச் சொன்னேன். கச்சிராயபாளையத்தில் இருவரும் பஸ் ஏறியதும் குமார் ஒரு செய்தி அனுப்பினான். அதன் பிறகு இருவர் போனும் எடுக்கவில்லை. மேலே சிக்னல் கம்மி என்று தெரியும். ஆனால் இங்கே நின்றுகொண்டு என்ன செய்வது? அடுத்த நாள் காலை நான் விரிப்பு மாற்றிய அறைகளில் தலையணை உறைகளையெல்லாம் திருப்பிப் போட்டுவைத்தேன் என்று மேற்பார்வையாளர் இரண்டு முறை கூப்பிட்டுக் காட்டினார். என் கண்ணுக்கு முன்னால் வளைவு வளைவாக ஏறும் ஒரு பாதையும், உண்ணிப் புதரும்தான் இருந்தன. நான் பார்த்தே இராத பாதை அது.

மூன்றாவது மாடியில் நான்காவது அறையில் இருந்தபோது போன் வந்தது. அப்பாதான். மூச்சு வாங்கியது.

"இருக்கான் பாப்பா."

நான் விரிக்காத கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

மேலே வெள்ளிமலை என்ற ஊரில் இறங்கி விசாரித்திருக்கிறார்கள். கரடி கடித்த கையுடையவர் என்றதும் ஒரு கடைக்காரர் வழி சொல்லியிருக்கிறார். மூன்று மைல் நடை. சின்னையன் வாசலில் உட்கார்ந்து இடது கையால் சாமை புடைத்துக்கொண்டிருந்தாராம். வலது கை குச்சியாகச் சூம்பி மடியில் கிடந்ததாம். அப்பா துண்டு மூடிய முகத்தோடு எதிரே நின்றிருக்கிறார்.  சின்னையனே எழுந்து வந்து துண்டை விலக்கிப் பார்த்தாராம்.

"'நல்லாத்தான் தச்சிருக்கான்'ன்னான் பாப்பா."

"அப்புறம்?"

"'இம்மா வருசமா எங்க போன'ன்னான். பயந்துக்கினு இருந்தேன்னேன். 'கரடிக்கா'ன்னான். உனக்குன்னேன்."



"அவுரு இன்னா சொன்னாருப்பா?"

" வூட்டுக்குள்ள போயி சொம்புல தண்ணி எடுத்தாந்து குடுத்தான். வாங்கனத பாதி சிந்திட்டேன். அவன் ஒத்தக் கையாலயே புடிச்சி வாய்ல ஊத்தனான். அப்புறம் கரும்பு வெலை, மழ, புள்ளைங்கன்னு சாயங்காலம் வரைக்கும் பேசிக்கினு இருந்தோம். அங்க நாம கரடி பாத்தத சொன்னேன். 'ஓடாம நின்னியா'ன்னு கேட்டான்."

மன்னித்தாரா என்று நான் கேட்டேன். அப்பாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. மறுபடி வரச் சொன்னான், தை மாசம் போவேன் என்றார். ஊரில், டீக்கடையில், இப்போது அவரே கதையைத் திருத்திச் சொல்கிறாராம். சிலர் நம்புகிறார்கள், சிலர் வயதாகிவிட்டது, உளறுகிறார் என்கிறார்கள் என்று குமார் சொன்னான். 'கரடிக்காரர்' என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

என் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. இந்த வருடமும் பனி உருகியது, முன்கூடத்தில் பலகை வந்தது, நான் சுற்றுவழியில் வேலைக்குப் போகிறேன். மலையேறும் பஸ்ஸில் அப்பா போகும் நாளெல்லாம் அவருக்காகவும் பயப்படுகிறேன். ஒரு மலைக்குப் பயந்தவள் இப்போது இரண்டு மலைக்குப் பயப்படுகிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது என்னையும் மேலே கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருக்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறேன். டிக்கெட் பார்க்க உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது.

போன தை மாதம் குமார் ஒரு போட்டோ அனுப்பினான். சின்னையனின் வீட்டு வாசல். ஒரு பக்கம் அப்பா, முகத்தில் துண்டு இல்லை. இன்னொரு பக்கம் சின்னையனும் அவர் மனைவியும். நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஏன் இப்படித் தள்ளி நிற்கிறார்கள் என்று கேட்டேன். "அவுருதாங்க்கா அப்பாவ அப்பிடி நிக்கச் சொன்னாரு. உம்பொண்ணுக்கு எடம் வுட்டு நில்லுன்னாரு" என்றான் குமார். ஹோட்டலில் யாராவது உன் ஊர் எது என்று கேட்டால் இப்போது இந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன். இதில் நீ எங்கே இருக்கிறாய் என்கிறார்கள். நான் அந்த இடைவெளியில் விரலை வைக்கிறேன். விரலை எடுத்தால் அங்கே மலை தெரிகிறது.